மோதிரத்தில் கல் கழல்வது எப்படி?

வைர மோதிரம் வாங்கும்போது கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதைக் கவ்வியிருக்கும் பொன்கம்பிகளை யாரும் பார்ப்பதில்லை. நகைக்கடையில் 'பிராங்' என்று சொல்லப்படும் அவை தேய்ந்தால் கல் போய்விடும்.

1886இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம், ஆறு கம்பிகள் ஒற்றை வைரத்தை உயர்த்திப் பிடிக்கும் மோதிரத்தை அறிமுகம் செய்தது. பக்கவாட்டிலும் ஒளி புகுந்ததால் கல் கூடுதலாக மின்னியது. அடிப்பக்கம் மூடிய நம் பழைய தோடுகளில் தங்கம் கல்லைச் சுற்றி அணைத்திருக்கும். பிராங் மோதிரத்திலோ நான்கு அல்லது ஆறு முனைகள்தான் காவல். நான்கில் ஒன்று ஒடிந்தாலே கல் நழுவ வழி கிடைத்துவிடும்.

கல் பதிப்பவர் ஒவ்வொரு கம்பியின் உட்புறத்திலும் சிறு வெட்டு போடுவார். கல்லின் விளிம்பு அதில் உட்காரும். பிறகு முனையைக் கல்லின்மேல் வளைத்து மழுக்குவார்.

மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10. சொக்கத் தங்கம் ஏறத்தாழ 2.5. மென்மையான 22 காரட்டைத் தவிர்த்து, செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த 18 காரட்டில் வைர நகை செய்வது இதனால்தான். அதுவும் மணல்துகளின் 7க்கு ஈடாகாது. தூசியும் அடுத்த விரல் மோதிரமும் உரசி உரசி முனையை மெலிய வைக்கும். நீச்சல் குளத்துக் குளோரின் உலோகக் கலவையையே அரித்து விரிசல் விடச் செய்யும். கல் லேசாக ஆடத் தொடங்கினால் பிறகு வேகம்தான்: வைரத்தின் விளிம்பே தான் உட்கார்ந்திருக்கும் வெட்டை அராவி அகலமாக்கும்.

பாட்டியின் தோட்டுக் கல்லை மோதிரத்தில் பதித்துக்கொண்டவர்கள் நம்மிடையே பலர். அப்படிப்பட்ட கல்லைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அவ்வப்போது மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டிக் கேளுங்கள். கலகலவென்ற ஒலி கேட்டாலோ, முனைகள் புடவை நூலை இழுத்தாலோ, கழற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். குறடு வைத்து நீங்களே அழுத்த வேண்டாம். கல்லின் விளிம்பு சிதறக்கூடும்.

தேய்ந்த முனையில் பொன் சேர்த்துப் பத்தர் பற்றவைத்துத் தருவார். வைரம் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். மரகதமும் ஓபலும் தாங்காது. கல்லைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும், அல்லது லேசர் பற்றவைப்பு வேண்டும். கொடுக்கும்போதே என்ன கல் என்று சொல்லிவிடுங்கள்.