மூச்சை அடக்காதீர்கள்!

மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே கடலுக்குள்ளும் பழைய சுவர்களும், செதுக்கிய கற்களும் கிடக்கின்றன. 2002 ஏப்ரலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தினரும், இங்கிலாந்துக் குழுவினரும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் மூழ்கி, அவற்றை ஆராய்ந்தனர்.

முதுகில் காற்று உருளையுடன் மூழ்கும் இதற்கு, 'ஸ்கூபா' என்று பெயர். பயிற்சி பெற, பொதுவாக 10 வயது நிரம்ப வேண்டும். செங்கல்பட்டில் பஸ் ஏறுமுன், பயணத் திட்டத்தில் இவற்றை எழுதுங்கள்: முதலில் நீச்சல், அடுத்து டாக்டரிடம் காது, நுரையீரல் சோதனை, பிறகு குளத்தில் பயிற்சி, கடைசியாகத்தான் கடல்.

முக்கியப் பாடம், நீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் சுவாசித்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். சீராக மூச்சு விட்டபடி, மெதுவாக மேலே வரவேண்டும். பயிற்சியாளர் இன்றி இறங்கவே கூடாது. சரிதானே?