முந்திக்கொள்ளும் ஒளி

1985இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் ஒரு லேசர் துடிப்பைக் காலத்தில் நீட்டி, நீட்டிய நிலையிலேயே பெருக்கி, பிறகு சுருக்கிக் காட்டினார்கள். அதன் பின் ஆய்வகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்ட கேள்வி, உச்சத் திறன் எவ்வளவு என்பதுதான். 1996இல் லாரன்ஸ் லிவர்மோரில் அது ஒரு பெட்டாவாட்டைத் தாண்டியது. இன்று அதோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள்: துடிப்புக்கு முன்னால் என்ன வந்தது?

முதன்மைத் துடிப்பின் செறிவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி, அதற்கு முன்பே பெருக்கியிலிருந்து கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். குவியும் இடத்தில் துடிப்பின் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁸ வாட் என்றால் கசிவின் செறிவு 10¹² வாட். இலக்காக வைத்த தகட்டின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவாக்க அதுவே போதும். துடிப்பு வந்து சேரும்போது, தாக்க நினைத்த தகடு நினைத்த வடிவில் இருக்காது.

அன்று இதற்கு எளிய வழி தடித்த தகடு. கசிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அதற்கேற்பத் தகடும் தடிக்க வேண்டும் என்பதை ஜெர்மனியின் கார்ஹிங்கில் நடந்த சோதனைகள் 2004இல் காட்டின. பேச்செல்லாம் மைக்ரோமீட்டர் கணக்கில் இருந்தது. கசிவை அடைக்க இருந்தது போக்கெல்ஸ் செல் என்னும் மின்கதவு. அது திறக்க நானோ வினாடி அளவு நேரம் ஆகும். துடிப்பை ஒட்டி, சில பிக்கோ வினாடி முன்னால் வருவதை அதனால் தடுக்க முடியாது. கருவியும் கைகொடுக்கவில்லை. துடிப்பை அளக்கும் சாதாரண ஆட்டோகோரிலேட்டர் காட்டும் வரைகோடு இருபக்கமும் ஒன்றுபோல இருப்பதால், முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று பிரித்துச் சொல்லாது.

இன்று மூன்றாம் படிக் கோரிலேட்டர் அதைப் பிரித்துக் காட்டுகிறது. அப்படிப் பார்க்க முடிந்த பிறகுதான் ஓர் எதிர்பாராத குற்றவாளி அகப்பட்டது: துடிப்புக்குப் பின்னால் வரும் ஒளி. பெருக்கியில் இணைபக்கக் கண்ணாடி ஒன்று இருந்தால், ஒளியின் ஒரு சிறு பங்கு அதற்குள் ஒருமுறை போய்த் திரும்பிப் பிந்தி வரும்; 1 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 100 பிக்கோ வினாடி. பின்னால் வருவதால் தீங்கில்லை என்றே தோன்றும். ஆனால் நீட்டிய நிலையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, செறிவில் மேடுபள்ளங்களை உண்டாக்குகின்றன. செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் சற்றே மாறும் கண்ணாடியும் படிகமும் அந்த மேடுபள்ளங்களைத் துடிப்பின் கட்டத்தில் பதித்துவிடுகின்றன. சுருக்கி முடித்ததும், எவ்வளவு பின்னால் அந்த நிழல் இருந்ததோ அவ்வளவு முன்னால் ஒரு புதிய துடிப்பு நிற்கும். தீர்வு, கண்ணாடியின் இரு பக்கங்களையும் இணையாக இல்லாமல் ஆப்பு வடிவில் சற்றே சாய்த்துத் தேய்ப்பது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

துடிப்பைத் தூய்மையாக்கும் வேறு வழிகளும் வந்தன. 2005இல் பேரியம் ஃபுளோரைடு படிகத்தில் செறிந்த ஒளியின் தளவிளைவை மட்டும் திருப்பி, மெல்லிய கசிவை வடிகட்டினார்கள். பிளாஸ்மா ஆடி இன்னும் அழகானது. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சிட்ட கண்ணாடி, கசிவைத் தன்னூடே போகவிடும். துடிப்பு ஏறத் தொடங்கியதும் மேற்பரப்பு பிளாஸ்மாவாகி அதைத் திருப்பி அனுப்பும். தகட்டைக் கெடுத்த அதே நிகழ்வு இங்கே காவல் நிற்கிறது. பிளாஸ்மா ஆடியின் துணையோடு 2006இல் ஸ்வீடனின் லுண்டில் 20 நானோமீட்டர் அலுமினியத் தகட்டிலிருந்து புரோட்டான்களை முடுக்கினார்கள்.

விலை சிறியதல்ல. இரண்டு ஆடிகளை அடுத்தடுத்து வைத்தால், பாடுபட்டுப் பெருக்கிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி போய்விடும். ஒவ்வொரு சுடுதலுக்கும் கண்ணாடியில் புதிய இடம் வேண்டும். தடித்த தகட்டை மாட்டிவிட்டு, கிடைத்ததை அளந்த அந்தப் பழைய எளிமை போய்விட்டது. தானாக உருவாகி, சில சோதனைகளில் ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொண்ட அந்த முன்பிளாஸ்மாவும் கூடவே போனது. அது தேவைப்படுவோர் இன்று தூய்மையாக்கிய துடிப்புக்கு முன்னால் சிறிய துடிப்பு ஒன்றைத் தாங்களே சேர்த்து, அது எத்தனை பிக்கோ வினாடி முன்னால் வர வேண்டும் என்பதையும் தாங்களே குறிக்கிறார்கள்.