வாடகைக்கு ஒரு கணிப்பொறி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் மாணவர் கட்டுரை)

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. நம் தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, கடைக்காரரின் வரவு செலவு என யாவும் இன்று எங்கோ ஒரு கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டன. "எங்கே இருக்கின்றன?" என்று கேட்டால், "கிளவுடில் இருக்கின்றன" என்று விடை வருகிறது. கிளவுட் என்றால் மேகம். ஆனால் அந்த மேகத்துக்குத் தரை உண்டு, சுவர் உண்டு, மின் கட்டணம் உண்டு, பூட்டும் சாவியும் உண்டு. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை வாடிக்கையாளர்களின் அனுபவங்கள் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளவுட் சர்வர் என்றால் என்ன?

பாகூர் பகுதியில் சம்பா அறுவடையைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு காணி நிலம் உள்ளவர் அறுவடை இயந்திரத்தை விலைக்கு வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுகிறார். இயந்திரத்தின் பழுது, டீசல், ஓட்டுநர் சம்பளம் எல்லாம் இயந்திரக்காரர் பொறுப்பு. கணிப்பொறியையும் இவ்வாறே வாடகைக்கு விடுவதுதான் கிளவுட் சர்வர் தொழில்.

பெரிய நிறுவனங்கள் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை அடுக்கி, குளிரூட்டி, மின்சாரம் நின்றால் ஓட ஜெனரேட்டர்களும் வைத்துக் காக்கின்றன. அவ்விடத்துக்குத் தரவு மையம் என்று பெயர். அங்குள்ள ஒரு பெரிய கணிப்பொறியை 'ஹைப்பர்வைசர்' என்னும் மென்பொருள் பல தனித்தனிக் கணிப்பொறிகள் போல் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போன்றது இது. ஒரு குடித்தனக்காரர் மற்றவர் அறைக்குள் நுழைய முடியாது. ஆனால் கூரை எல்லோருக்கும் ஒன்றுதான்.

அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இத்தகைய சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட், கூகுள் முதலியவை தொடர்ந்தன. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை உள்ளிட்ட மூன்று இந்திய நகரங்களில் தன் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் கால் ஊன்றியது. மத்திய அரசும் 'மேகராஜ்' என்ற பெயரில் தனக்கென ஒரு கிளவுட் ஏற்பாட்டை உருவாக்கி, 2014-இல் தொடங்கி வைத்தது.

பயன் என்ன?

இதனால் விளையும் நன்மையை மறுப்பார் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் காற்றாடும் ஓர் இணையதளத்தை அன்று காலை இரண்டு மணி நேரத்தில் இலட்சக்கணக்கானோர் முற்றுகையிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நூறு கணிப்பொறிகளை வாங்கி வைப்பது அறிவுடைமை ஆகுமா? அன்றைக்கு மட்டும் நூறை வாடகைக்கு எடுத்து, மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலீடு இல்லாத இளைஞரும் மாதம் சில நூறு ரூபாயில் தொழில் தொடங்கலாம். வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு உலகுக்கே சேவை செய்யலாம்.

வேறொரு நன்மையும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது எங்கள் வீட்டில் முதலில் பரண்மேல் ஏறியது தகரப் பெட்டிதான். பட்டா, குடும்ப அட்டை, என் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஒரு தாளின் மதிப்பு என் பெற்றோருக்குத் தெரியும். காகிதம் மட்டுமே ஆதாரம் என்ற நிலை மாறி, அதன் படி தொலைவில் ஓரிடத்தில் பத்திரமாக இருப்பது பெரும் ஆறுதலன்றோ?

உறுதிமொழியும் கணக்கும்

நிறுவனங்கள் தங்கள் சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று வாக்களிக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது நாள் கொண்ட மாதத்தில் 43,200 நிமிடங்கள் உள்ளன. அதில் 0.1 விழுக்காடு 43.2 நிமிடங்கள். ஆக, மாதம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நின்றாலும் வாக்குத் தவறியதாகாது. 99 விழுக்காடு என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேல் நிற்கலாம்.

வாக்குத் தவறினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். ஆயிரம் ரூபாய் வாடகைக்கு நூறு ரூபாய் கழிவு கிடைக்கலாம். அந்நேரத்தில் நமக்கு ஏற்பட்ட வியாபார நஷ்டம் ஐம்பதாயிரமாக இருந்தாலும் கழிவு அதே நூறுதான். ஒப்பந்தத்தின் இந்தப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்திடுவோரே அதிகம்.

தீ விழுங்கிய தரவுகள்

நம் புதுச்சேரி மக்கள் பலருக்கு உறவினர் வாழும் நாடு பிரான்ஸ். அங்கே 1999-இல் தொடங்கப்பட்டு, ஐரோப்பாவின் முன்னணிக் கிளவுட் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது ஓ.வி.எச். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்குப் பின், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த அதன் மையத்தில் தீப்பற்றியது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது, அருகில் இருந்த மற்றொன்று ஓரளவு எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 36 இலட்சம் இணையதளங்கள் முடங்கின என்று கணக்கிடப்பட்டது.

வாடிக்கையாளர்களின் நிலை இரு வகையாகப் பிரிந்தது. வேறு நகரில் படி வைத்திருந்தவர்கள் சில மணி நேரத்திலோ சில நாளிலோ எழுந்து நின்றார்கள். வைக்காதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். 'ரஸ்ட்' என்னும் கணிப்பொறி விளையாட்டை நடத்தியவர்களின் இருபத்தைந்து சர்வர்கள் சாம்பலாயின. அவற்றில் இருந்த தரவுகளை மீட்க முடியாது என்று அவர்களே அறிவித்தார்கள்.

இதைவிட வேதனையான அனுபவம் ஒன்றும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் தனிக் கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் படி எடுக்கும் வசதியையும் வாங்கியிருந்தார். மூலத்திலிருந்து பிரித்துத் தனியிடத்தில் படி வைக்கப்படும் என்பது ஒப்பந்தம். ஆனால் மூலம் எரிந்த அதே நெருப்பில் படியும் எரிந்தது. வழக்குத் தொடுத்தார். 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் ஓர் இலட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பணம் கிடைக்கலாம். எரிந்த தரவு கிடைக்குமா?

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றியதில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் பொதுக் கிடங்கில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. "அளவு மிகப் பெரிது, ஆகவே வெளியில் படி எடுக்கவில்லை" என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

காலியாக விட்ட ஒரு கட்டம்

தீயும் வேண்டாம், புயலும் வேண்டாம், ஒரு சிறு கவனக்குறைவே போதும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கதை சான்று. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்நிதி, கூகுள் நிறுவனத்தின் கிளவுடில் இயங்கி வந்தது. அதை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டது. அதனால் அந்தக் கணக்குக்கு ஓராண்டு ஆயுள் தானாகவே விதிக்கப்பட்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் ஆயுள் முடிந்ததும், கேட்பாரின்றி அது அழிக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். ஆயினும் சேமிப்பு ஒரு காசும் குறையவில்லை. ஏன்? வேறொரு நிறுவனத்திடமும் படி வைத்திருந்த முன்யோசனை கைகொடுத்தது.

கதவு மூடிய கதை

சில வேளைகளில் தரவுக்கு எந்தக் கேடும் இல்லை, ஆனால் கதவு திறக்காது. 2018 செப்டம்பர் 24 அன்று, தமிழ்நாட்டில் வேரூன்றி உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் இணைய முகவரியை, அம்முகவரியைப் பதிவு செய்திருந்த வெளிநாட்டு நிறுவனம் நிறுத்திவைத்தது. மோசடி மின்னஞ்சல் பற்றிய சில புகார்களே காரணம். ஸோஹோவின் கணிப்பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன, தரவுகளும் பத்திரமாக இருந்தன. தெருப்பெயர்ப் பலகையைப் பிடுங்கிவிட்டதால் வாடிக்கையாளர்களுக்கு வீடு தெரியவில்லை. தலைவர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியில் முறையிட்டு உதவி கேட்க நேர்ந்தது. சில மணி நேரத்தில் முகவரி மீண்டாலும் பலருக்குத் தொல்லை அதன் பிறகும் நீடித்தது.

2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ரஷ்யப் பங்குடைய நிறுவனம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்திருந்தது. தாங்கள் முறையாகப் பணம் செலுத்திய வாடிக்கையாளர் என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாளில் சேவை திரும்பியது. வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரரையும் வெளியே நிறுத்த முடியும் என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

நம் ஊரில்

இவையெல்லாம் பெரிய இடத்துச் செய்திகள், நமக்கென்ன என்று எண்ணலாகாது. எங்கள் கொம்யூனில் ஓர் உரக்கடை உண்டு. விவசாயிகள் பருவம்தோறும் கடனுக்கு உரம் வாங்கி, அறுவடைக்குப் பின் அடைப்பார்கள். கடைக்காரரின் உறவுக்காரப் பையன் ஒருவர் அந்தக் கணக்கை வாடகைச் சர்வருக்கு மாற்றிக் கொடுத்தார். பிறகு வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். மாதக் கட்டணம் அவருடைய வங்கி அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியானது. எச்சரிக்கைகள் அவர் பார்க்காமல் விட்டிருந்த பழைய மின்னஞ்சலுக்குச் சென்றன. குறித்த கெடு முடிந்ததும் சர்வர் நிறுத்தப்பட்டு, பின்னர் அழிக்கப்பட்டது.

மாலை நேரத்தில் அக்கடையில் கூலிக்கு உதவி வந்த என்னைப் பார்த்து, "தம்பி, என் கணக்கு எங்கப்பா போச்சு?" என்று அவர் கேட்டார். எந்த நிறுவனத்திடம் வாடகைக்கு இருந்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடன் வாங்கியவர்கள் பலர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். அந்த நேர்மையால் பெரும்பகுதி மீண்டது, மீதி மீளவே இல்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தப்படிதான் எல்லாம் நடந்தது. அதுதான் நாம் யோசிக்க வேண்டிய இடம்.

செய்ய வேண்டியவை

இந்த அனுபவங்கள் உணர்த்தும் பாடங்களைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, மூன்று–இரண்டு–ஒன்று என்னும் விதி. எந்த முக்கியத் தரவுக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்காத நம் பாட்டிமார் இவ்விதியை அறிந்தவர்களே.

இரண்டாவது, எடுத்த படியைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத படி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிக்குச் சமம்.

மூன்றாவது, கணக்கு யார் பெயரில், எந்தத் தொலைபேசி எண்ணில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். உரக்கடைக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு தாள்தான்.

நான்காவது, உள்ளே வரும் செலவோடு வெளியேறும் செலவையும் கேட்டறிய வேண்டும். தரவை உள்ளே ஏற்றப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கத்தான் கட்டணம். 2024-இல் கூகுளும் அமேசானும், தங்களை முற்றிலும் விட்டு விலகும் வாடிக்கையாளருக்கு இக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. அன்றாடம் எடுப்போருக்கு அது பொருந்தாது.

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! கிளவுட் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. நம்மைப் போன்ற எளிய குடும்பத்தவர்க்கு அது திறந்துவிட்ட வழிகள் பல. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர், அது வாடகை வீடு என்பதை மறக்கலாகாது. நம் கிராமங்களில் மகளிர் குழுக் கணக்கும், கடைக் கணக்கும், பள்ளிச் சான்றிதழ்களும் இன்று ஒவ்வொன்றாக அங்கே குடியேறுகின்றன. அவற்றை ஏற்றிவைக்க ஊரார் அழைப்பது "படித்த பிள்ளை" என்று நம்மைத்தான். ஏற்றிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இன்னொரு படியை எடுத்து, சாவி இருக்கும் இடத்தையும் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவோமாக.