பத்தர் பட்டறையும் சித்திரசாலையும்

காஞ்சீபுரம் என்றதும் பட்டுப் புடவையை நினையாதவர் இலர். அப்புடவையின் சரிகையை நினைப்பவர் சிலரே. சிவப்புப் பட்டிழையின் மேல் வெள்ளியை மெல்லிய இழையாக்கிச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் ஏற்றினால் சரிகை. ஆகவே நெசவாளரின் கைத்திறனோடு பொன்வேலைக்காரரின் வித்தையும் அதில் கலந்திருக்கிறது. பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, ஊரின் பெயர் சட்டத்திலும் ஏறிவிட்டது. ஊதுகுழலும் உரைகல்லுமாக உட்கார்ந்திருக்கும் பத்தருக்கோ வீதிக்கு அப்பால் பெயரில்லை. நகையை வாங்குகிறவர்கள் கடையின் பெயரைச் சொல்லுகிறார்களேயன்றிச் செய்தவரை அறிவதில்லை.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி, பாட்டனாரின் கருவிகளை வைத்துக்கொண்டு வெள்ளியில் ஜிமிக்கியும் பதக்கமும் செய்கிறாள். "சித்திரசாலைகளில் இவற்றை ஏற்றுக்கொள்வார்களா, ஸார்?" என்று கேட்டாள். நகை என்றால் நகைக்கடை, சித்திரம் என்றால் சித்திரசாலை என்று பிரித்தே பழகிய நமக்கு இக்கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம்.

ஆனால் நம் பக்கத்திலேயே இதற்குச் சரித்திரம் இருக்கிறது. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த கே. ஸி. எஸ். பணிக்கர், 1966-ல் தம் மாணவர்கள் முதலியோருடன் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவினார். படம் எழுதி மட்டும் வயிறு வளர்க்க இயலாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே கலைஞர்கள் துணியில் மெழுகுச் சாயவேலையும், உலோக வேலையும், பிற கைவேலைகளும் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். அவருடைய புதல்வர் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் சிற்பங்கள் செய்து கீர்த்தி பெற்றார். கைவேலை கலைக்குத் தாழ்ந்தது என்னும் பழைய வீம்பை அந்தக் கிராமம் பொருட்படுத்தவில்லை. இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்திராவில் நம் ஊர்ப் பட்டு நெசவாளர் வீடொன்றே காட்சியாக நிற்கிறது. கைவினைஞர் தம் பொருளைத் தாமே விற்கவும் அங்கே இடமுண்டு.

அப்பெண்ணின் பாட்டனார் தொழிலை விட்ட கதையையும் சொல்லவேண்டும். 1963 ஜனவரியில் சர்க்கார் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றது. தேசமெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் தவித்தன. 1968-ல் சட்டமாகி, 1990-ல்தான் அது அடியோடு நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. வீட்டுப் பரணில் கருவிகள் மிஞ்சியதே பாக்கியம்.

இனி, கேள்விக்கு விடை. முதல் தடவை வெறுங்கையோடு போவதே நல்லது. அங்கே என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரவேண்டும். பிறகு முன்கூட்டி எழுதி, வரச் சொன்ன நாளில், ஏழெட்டு நகைகளை மட்டும் கொண்டு போகலாம். ஐம்பதைக் கொட்டினால் பார்ப்பவர் கண் மயங்கும். எடையும் உலோகமும் கல்லின் உண்மையும் சீட்டில் இருக்கட்டும். செயற்கைக் கல்லைச் செயற்கையென்றே சொல்லிவிட வேண்டும். வடசேரியில் செய்யும் கோவில் நகைகளைப் பாருங்கள்: வெள்ளியில் அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, பொன் தகடு அழுத்துகிறார்கள். முழுத் தங்கமென்று ஒருவரும் ஏமாற்றுவதில்லை. நாகர்கோவில் கோவில் நகை என்று புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

தங்கத்தில் செய்வோர் முத்திரை விதியை அறிந்திருக்கவேண்டும். 2021 ஜூன் 16 முதல் அது பல ஜில்லாக்களில் கட்டாயமாயிற்று. ஆண்டுக்கு நாற்பது லட்ச ரூபாய்க்குட்பட்ட வியாபாரிகளுக்கு விலக்களித்தார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் கணக்கு. பல கூடங்கள் நகையை விலைக்கு வாங்குவதில்லை. வைத்திருந்து, விற்றபின் தம் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. நூற்றுக்கு நாற்பது அவர்கள் பங்கென்றால், ஆயிரம் ரூபாய் நகையில் செய்தவருக்கு அறுநூறு. வெள்ளியும் கல்லும் நானூறு தின்றால் மூன்று நாள் உழைப்புக்கு இருநூறுதான்! இதைப் போட்டுப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது. விற்காதது எப்போது திரும்பும், தொலைந்தால் யார் பொறுப்பு, பணம் எந்த மாதத்தில் வரும் என்பவற்றை எழுத்தில் வாங்கவேண்டும். எழுதித் தர மனமில்லாத இடத்தில் நகையை வைக்கவே வேண்டாம். விலைச்சீட்டில் செய்தவர் பெயரும் ஊரும் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

அவள் எட்டு நகைகளோடு ஒரு சிறு கூடத்துக்குப் போய்வந்தாள். மூன்றை வைத்துக்கொண்டு, பெயரெழுதி ரசீது கொடுத்தார்களாம். ஐந்து திரும்பின. ஜிமிக்கி பார்க்க அழகு, ஆனால் காதுக்குக் கனம் என்றார்களாம். இப்போது அதை உருக்கி, இன்னும் மெல்லிய தகட்டில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.