ஏமாந்தேனா, ஏமாத்திட்டாங்களா? காது கொடுத்துப் பழக ஒரு சீட்டுக்கட்டு

திருவண்ணாமலைக்கு மாதம் இரண்டு தடவை போகிறேன். அப்பா அங்கே தனியாக இருக்கிறார், வயது 76. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய் காபி குடித்து முடிப்பதற்குள் அதே பேச்சு ஆரம்பித்துவிடும். "எங்ககூட சென்னைக்கு வந்துடுங்கப்பா." "அதெல்லாம் சரிப்படாதுடா." உடனே நான் காரணங்களை அடுக்குவேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்தது, பிரஷர் மாத்திரை, ராத்திரி ஏதாவது ஒன்று ஆனால் யார் பார்ப்பது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப் மாதிரி இரண்டு வருஷம் ஓடியது.

இதற்கு வழி தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதுதான் 'க்ரோக்' என்ற சீட்டுக்கட்டு. அமெரிக்காவில் உருவானது. நம் தொழிலில் இருப்பவர்களுக்குப் பேர் பரிச்சயமாக இருக்கும். ராபர்ட் ஹைன்லைன் 1961-ல் எழுதிய ஒரு நாவலில் வரும் செவ்வாய்க் கிரக மொழிச் சொல் அது. நேர் அர்த்தம் 'குடிப்பது'. தண்ணீரைப் போல உள்ளே போய் நம்மில் ஒரு பாகமாகிவிடும் அளவுக்குப் புரிந்துகொள்வது. (சர்வர் லாகைப் பிரித்துப் படிக்கும் லாக்ஸ்டாஷ் ஃபில்டருக்கும் அதே பேர்தான். அது எதையும் குடிப்பதில்லை.)

கட்டில் இரண்டு வகைச் சீட்டு. ஒன்றில் உணர்வுகள், இன்னொன்றில் தேவைகள். பல விதமாக ஆடலாம், எளிமையானது இது. ஒருவர் தன் மனதை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் கையில் சில தேவைச் சீட்டுகள். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு சீட்டை இறக்கி, "உங்களுக்கு வேண்டியிருந்தது மரியாதையா?", "ஓய்வா?" என்று கேள்வியாகக் கேட்க வேண்டும். எது பொருந்துகிறது என்று சொல்வது கதை சொன்னவர் மட்டும். "நான் உங்க இடத்தில இருந்தா..." என்று ஆரம்பிக்க அனுமதி இல்லை. கையில் இருப்பதைத்தான் இறக்க முடியும். அறிவுரைக்கு அந்தக் கட்டில் சீட்டே கிடையாது.

இதன் வேர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) என்ற உளவியலாளர். கார்ல் ராஜர்ஸ் பள்ளியில் வந்தவர். தன் முறைக்கு 'வன்முறையற்ற உரையாடல்' என்று பேர் வைத்தார். காந்தி எந்த அர்த்தத்தில் சொன்னாரோ அதே அர்த்தத்தில் என்று அவரே விளக்கியிருக்கிறார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. நாம் உணர்வு என்று நினைத்துச் சொல்வதில் பாதி, உண்மையில் அடுத்தவர் மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. 'நான் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறேன்' என்பது உணர்வு மாதிரி ஒலிக்கும். ஆனால் யாரோ ஒதுக்கினார்கள் என்ற தீர்ப்பு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலீஷ் சீட்டை அப்பாவிடம் நீட்ட முடியாது. அதனால் நானும் மனைவியும் விசிட்டிங் கார்ட் அளவில் அட்டை வெட்டி, தமிழிலேயே எழுத உட்கார்ந்தோம். உணர்வுகள் அருவி மாதிரி கொட்டின. ஆதங்கம், தவிப்பு, ஏக்கம், மனத்தாங்கல், அலுப்பு, கூச்சம், படபடப்பு, நிம்மதி. மனத்தாங்கலுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் பார்ப்போம். தேவைகள்தான் படுத்தியது. 'தன்னாட்சி' என்று ஒரு அட்டையில் எழுதினேன், இன்ஜினியரிங் காலேஜ் போர்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'என் முடிவு என்னுது' என்று எழுதினோம்.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. ரோசன்பெர்க் பக்கம் பக்கமாக விளக்கும் அந்த வித்தியாசத்தை நாம் எட்டாம் கிளாஸ் இலக்கணத்தில் படித்திருக்கிறோம். தன்வினை, பிறவினை. ஏமாந்தேன், ஏமாத்திட்டான். வாடினேன், வாட்டினான். கலங்கினேன், கலக்கினான். ஒதுங்கினேன், ஒதுக்கினார்கள். முதலில் வருவதைச் சொன்னால் கேட்பவர் கொஞ்சம் கிட்டே வருவார். இரண்டாவதைச் சொன்னால் தன் பக்க நியாயத்தைப் பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் கட்டில் பிறவினைச் சீட்டு ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டோம். இதை யாராவது மொழியியல்காரர் ஒழுங்காக ஆராயலாம், நான் வெறும் பி.இ.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆடினோம். "சீட்டா? ரம்மின்னா வரேன்" என்றார் அப்பா. பேத்தி கெஞ்சியதால் உட்கார்ந்தார். கதை சொல்லும் முறை அவருக்கு வந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "போன தடவை உங்க அப்பன் என்னைக் கேக்காம பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸுக்குப் போன் பண்ணான்" என்று அவளிடம் சொன்னார். விலை விசாரிக்கத்தான் பண்ணினேன். சொல்ல வாயெடுத்தேன், மனைவி முறைத்தாள்.

நான் 'பாதுகாப்பு' இறக்கினேன். "இல்ல." மனைவி, "என் முடிவு என்னுது, அதுவா மாமா?" என்றாள். "அதுவும்தான். ஆனா அது இல்லம்மா." மகள் 'அமைதி' வைத்தாள். தலையாட்டினார். மூன்றும் தப்பு. ஆனால் தப்பு என்று சொன்னதும் அவர் நிறுத்தவில்லை.

"காலையில பால் வாங்கப் போறேன். தேரடித் தெரு முனை வரைக்கும் நாலு பேராவது 'என்ன சார், சௌக்கியமா'ன்றான். அவன் பசங்களுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். உங்க அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி என்னை எந்த ஃப்ளாட்னு கேக்கறான்."

இரண்டு வருஷ வாக்குவாதத்தில் இது ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை. வருவதற்கு நான் இடம் விட்டால்தானே.

இங்கே எலிஸாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட புரோகிராம். நாம் டைப் செய்வதையே கேள்வியாகத் திருப்பிப் போட்டு, ராஜர்ஸ் பாணி மனநல ஆலோசகர் போல நடிக்கும். அவருடைய செயலாளர் அது வெறும் புரோகிராம் என்று தெரிந்தும், பேசிக்கொண்டிருந்த நடுவில் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாராம். திருப்பிச் சொல்வதற்கே அவ்வளவு சக்தி இருக்கிறது. ஆனால் எலிஸா எதையும் ஊகிப்பதில்லை, அதனால் தப்பாகவும் போகாது. சீட்டை இறக்குபவன் தப்பாகப் போகத் துணிகிறான். அந்தத் தப்பைத் திருத்தத்தான் அப்பா பேசினார் என்று நினைக்கிறேன். வாராவாரம் பழகிப்போய் "வருத்தமா இருக்கீங்களா?" என்று ராகம் போட்டுக் கேட்க ஆரம்பித்தால் நாமும் எலிஸாதான். என் மகள் ஒரு தடவை என்னை அப்படிக் கிண்டலே செய்துவிட்டாள்.

இதெல்லாம் படித்த ஆலோசகர்கள் செய்ய வேண்டியதில்லையா என்று கேட்கலாம். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவி ஆரம்பித்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்களோடு பேசிய பலருக்கு அதற்கப்புறம் பாதிரியாரைப் பார்க்கத் தேவைப்படவில்லை. சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் தன்னார்வலர்கள் கைக்குப் போனது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த 'ஸ்நேகா'வும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. பயிற்சி என்பதை அடிக்கோடிடுகிறேன். உயிரையே வெறுத்துப் பேசுபவரிடம் அட்டைகளை எடுத்து நீட்டாதீர்கள், அங்கே அனுப்புங்கள். சீட்டுக்கட்டு வீட்டுச் சண்டைக்கு.

அப்பா இன்னும் திருவண்ணாமலையில்தான். பாத்ரூமில் கைப்பிடி போட்டாகிவிட்டது. பால் கடைக்காரர் நம்பர் என் போனில் இருக்கிறது. ஏழு மணி தாண்டியும் சாரைக் காணோம் என்றால் கூப்பிடுவார். போன மாதம் ஒரு நாள் கூப்பிட்டார், பதறிப்போய் அப்பாவுக்கு அடித்தேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்விட்டு, 14 கிலோமீட்டர் நடந்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதற்குத் திட்டினார்.