கொழுந்தெடுக்கும் பெருவிரல்

கொழுந்தெடுக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், வேலை முழுவதும் இரண்டு விரல்களில் நடப்பது தெரியும். சுட்டுவிரல் தளிரின் அடியில் போய் நிற்கிறது. பெருவிரல் எதிரே வந்து அழுத்துகிறது. ஒரு சிறு திருப்பு. அரும்பும் இரண்டு இலையும் உள்ளங்கைக்குள். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குப் போகிறது. ஒரு நாளில் இந்தக் கிள்ளல் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் மலைகளில் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவருக்கும் பெருவிரல்தான் முதல். பட்டையை மெல்லிசாகச் சீவும் கத்தி ஆழம் தவறாமல் ஓடுவது அந்த விரலின் பிடியில்தான்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஈரம் காயாத சரிவு, பாசி படிந்த கல், புல் மூடிய கான். கூடையோடு கால் வழுக்கும்போது கை தானாக நிலத்தைத் தேடிப் போகிறது. பெருவிரல் பாதி மடங்கியிருக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் அதன் நுனியில் விழுந்து நேரே கீழே இறங்கினால், முறிவது பெரும்பாலும் அடியிலுள்ள எலும்புதான். கைப்பிடியை இறுகப் பற்றியபடி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கும் இதே முறிவு வருவதுண்டு.

விழுந்தவருக்கு மணிக்கட்டை ஒட்டிப் பெருவிரலின் அடி வீங்கும், கிள்ளினால் வலிக்கும். ஆனாலும் விரல் கொஞ்சம் அசையும். அந்த அசைவுதான் நம்மை ஏமாற்றுகிறது. “சுளுக்குத்தான் புள்ள, எண்ணெய் போட்டு உருவினா சரியாப் போயிடும்” என்று லயத்தில் யாராவது சொல்வார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலிக்கான பேர் விழாது. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுநாள் மலைக்குப் போகிற பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படிக் கழியும் நாட்களில் கைக்குள்ளே நடப்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருவிரலின் அடியெலும்பு, மணிக்கட்டிலுள்ள திரபீசியம் என்ற சிற்றெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குதிரைச் சேணத்தின் மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்கே கவிழ்த்து வைத்தது போன்ற மூட்டு அது. முன்னும் பின்னும் அசையும், பக்கவாட்டிலும் அசையும். இரண்டும் சேர்ந்துதான் பெருவிரல் மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொள்கிறது. கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் இந்த மூட்டின் விசைகளைக் கணக்கிட்டார்கள். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துக் கிள்ளினால், அடி மூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாக இறங்குகிறது. எதையேனும் பலமாகப் பற்றும்போது 120 கிலோ வரை போகக்கூடும். இவ்வளவு பாரம் தாங்கும் மூட்டில் ஒரு சிறு படி விழுந்தாலும், ஒவ்வொரு கிள்ளலிலும் குருத்தெலும்பு அதன் மேல் உராயும்.

டப்ளின் நகரின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் எட்வர்ட் ஹலரன் பென்னெட் 1882இல் இந்த முறிவைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். கோணலாக ஒட்டிப்போன பழைய எலும்புகளை ஆராய்ந்தே அவர் முறிவின் போக்கைப் புரிந்துகொண்டார். இன்றும் அது பென்னெட் முறிவு என்றே அழைக்கப்படுகிறது.

பென்னெட் முறிவில் எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக ஒரு சிறு துண்டு உடைகிறது. வலுவான பிணைநார் ஒன்று அந்தத் துண்டைத் திரபீசியத்தோடு கட்டி வைத்திருப்பதால் அது இடம் மாறுவதில்லை. மாறுவது மீதிப் பெரிய எலும்புதான். முன்கையிலிருந்து வரும் ஒரு தசைநாண் அதை மணிக்கட்டை நோக்கி இழுக்கிறது. உள்ளங்கைத் தசை அதன் தலையை உள்ளே சாய்க்கிறது. கைக்குப் பலம் தந்த தசைகளே முறிந்த எலும்பை மூட்டிலிருந்து நகர்த்துகின்றன. உருவிவிடுவதால் இந்த இழுப்பு நிற்காது. நகர்ந்த எலும்பை இழுத்துச் சரிசெய்து பிளாஸ்டர் போட்டாலும், உள்ளே தசை இழுத்துக்கொண்டே இருப்பதால் அது மறுபடி நழுவக்கூடும். சத்திரசிகிச்சை தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலும் அதற்குக் கையைத் திறக்க வேண்டியதில்லை. கையை மரத்துப்போகச் செய்தபின், வைத்தியர் பெருவிரலை நீளவாக்கில் இழுத்து, விரித்து, உட்புறமாகச் சற்றுத் திருப்பி, அடியைத் தன் விரலால் அழுத்துகிறார். எக்ஸ்ரே திரையில் எலும்பு தன் இடத்துக்கு வந்து உட்காருவது தெரியும். அந்த நிலை மாறுவதற்குள், ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுத் தடித்த உருக்குக் கம்பியைச் சிறு துளைகருவியால் தோலின் மேலிருந்தே செலுத்துகிறார். எலும்பைக் கடந்து திரபீசியத்துக்குள்ளோ பக்கத்து எலும்புக்குள்ளோ கம்பி இறங்குகிறது. உடைந்த சிறு துண்டைக் கம்பி தொட வேண்டும் என்றுகூட இல்லை; பெரிய எலும்பு நகராமல் நின்றால் போதும். மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் 1909இல் அறிமுகப்படுத்திய கம்பியின் வழியில் வந்தது இது. வாட்டுகளில் ‘கே வயர்’ என்பார்கள்.

துண்டு பெரிதாக இருந்தால், அல்லது இழுத்தும் பொருந்தாவிட்டால், தோலைத் திறந்து சிறு திருகாணிகளால் பொருத்துவார்கள். இத்தாலியரான சில்வியோ ரோலாண்டோ 1910இல் விவரித்த முறிவு இன்னும் கடினமானது. அதில் அடியெலும்பு மூன்று துண்டாகவோ அதற்கு மேலாகவோ பிளந்திருக்கும். துண்டுகள் பெரிதாக இருந்தால் தகடும் திருகாணியும். நொறுங்கியிருந்தால் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் சட்டகம். எல்லா முறிவுக்கும் கம்பி தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டுக்குள் போகாத முறிவும், அசையாமல் பொருந்தியிருக்கும் முறிவும் பிளாஸ்டரிலேயே ஆறலாம். எது எந்த வகை என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும்.

கம்பி நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும். அதன் முனை வெளியே இருந்தால் நனையக் கூடாது. லயத்தில் வாழ்பவருக்கு மழைக்காலத்தில் இது எளிதல்ல. ஆனாலும் சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. கம்பியை எடுத்தபின் விரல் விறைத்திருக்கும். நுனியால் ஒவ்வொரு விரலையும் தொடும் பயிற்சியை மெல்லத் தொடங்கி, பலமான பிடிக்குப் படிப்படியாகப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் காலம் முக்கியம். இரண்டு மூன்று வாரம் கழிந்தால் எலும்பு நகர்ந்த இடத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும். பிறகு இழுத்துப் பொருத்துவது கடினம். ஆறினாலும் பிடி தளரும். சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்து, கிள்ளும்போதெல்லாம் வலிக்கலாம்.

ஆகவே விழுந்தவுடன் மோதிரத்தைக் கழற்றுங்கள். உருவாதீர்கள். ஒரு மட்டையோடு கையைக் கட்டி, உயர்த்தி வையுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வலிக்கு மாத்திரை தந்தாலும், எக்ஸ்ரேக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். பலாங்கொடை, கரவனெல்ல ஆதார வைத்தியசாலைகளும் இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளும் அரசாங்கத்தினுடையவை. அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வேலை நேரத்தில் விழுந்திருந்தால் அன்றே பதியச் செய்யுங்கள். நட்டஈட்டுக்கென 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. கிளினிக் அட்டையும் எக்ஸ்ரே படமும் அதற்குச் சாட்சி.

தோட்டத்துக்கும் ஒரு கடமை உண்டு. விழுந்த பெண்ணை அன்றே எக்ஸ்ரேக்கு அனுப்ப ஒரு வண்டியும், பேர் போய்விடுமே என்ற பயமில்லாத சில வாரங்களும் வேண்டும். தசையின் இழுப்பை ஒரு கம்பி தடுத்துவிடும். வைத்தியசாலைக்குப் போகவிடாமல் அவளைப் பிடித்து இழுக்கும் கூலிக் கணக்கை நாம்தான் தடுக்க வேண்டும்.