மலைக்கு அந்தப் பக்கம்

இருட்டிவிட்டால் மலையடிவாரத் தேவதானத்துத் தோப்புக் காவலாளிகளுக்குக் காதுதான் கண். அடிவாரத்தில் மட்டை முறியும் சத்தம் கேட்டதும் டார்ச் அடிப்பார்கள், தகரத்தைத் தட்டுவார்கள், பட்டாசைக் கொளுத்திப் போடுவார்கள். அப்படியும் சில நாள் விடிந்து பார்த்தால் இளந்தென்னை சாய்ந்து, குருத்து உருவப்பட்டுக் கிடக்கும். வருடக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

மரத்தைச் சாய்ப்பது மலையிலிருந்து இறங்கி வரும் யானை. அது வரும் காட்டுக்கு இரண்டு பெயர். இந்தப் பக்கம், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். யானைக்கு இரண்டும் ஒரே மேய்ச்சல் காடு.

இதை ஊரே பார்த்தது 2023இல். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை பிடிபட்டான். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். சில நாட்களிலேயே மேகமலைப் பக்கம் வந்துவிட்டான். மே 27 காலையில் கம்பம் தெருக்களில் ஓடினான். காலரை மாட்டியது கேரள வனத்துறை. யானையைத் தேடி அலைந்தது தமிழக வனத்துறை. மேகம் மூடினால், அடர்காட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் கிடைப்பது சிரமம். வந்த சிக்னலும் எல்லை தாண்டி உடனே கைமாறினால்தான் பயன். ஜூன் 5 அன்று மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அவன் கம்பத்துக்குள் வருவதற்குப் பத்து நாள் முன்புதான் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் மே 17 முதல் 19 வரை ஒரே நேரத்தில் யானைக் கணக்கெடுப்பு நடத்தின. தனித்தனி நாளில் எண்ணினால், எல்லை தாண்டும் கூட்டம் இரண்டு கணக்கிலும் ஏறிவிடும். அந்த ஆண்டு தமிழகத்தின் மதிப்பீடு 2,961 யானைகள்.

எண்ணுவதற்குச் சேர்ந்த கைகள் எச்சரிக்கவும் சேர வேண்டும். எல்லா யானைக்கும் காலர் மாட்ட முடியாது. ஆனால் முகட்டின் இருபுறமும் தினமும் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். சாணமும் கால்தடமும் பார்த்துக் கூட்டம் போன திசையைச் சொல்லிவிடும் அனுபவம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் சொல்வது அந்தப் பக்கத் தேக்கடியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும், அங்கிருந்து சேத்தூர், தேவதானம் தோப்புகளுக்கும் அன்றைக்கன்றே வந்து சேர வேண்டும்.

‘கூட்டம் இன்றைக்கு இந்தச் சரிவில் நிற்கிறது’ என்று பொழுது சாயும் முன் கைப்பேசியில் ஒரு வரி வந்தால் போதும். பட்டாசுக் கட்டோடு எந்த வேலியோரம் நிற்க வேண்டும், எந்த வரப்பில் அன்றிரவு கால் வைக்கக் கூடாது என்பது காவலாளிக்குத் தெரிந்துவிடும்.